ஆள் சேர்ப்பும் சரக்கு விற்பனையும்

சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில், குழித்துறைக்கு அருகேயுள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். நகைக்கடன் பதிவேட்டைப் புரட்டுகையில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கடனுக்குரிய காரணம் எழுதும் பத்தியில் வழக்கமாக வாழை நடவு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கூரை என்று பலவாறாக இருக்கும். அந்த மாதத்திலோ ஏழு பெண் அங்கத்தினர்கள் ஏறத்தாழ ஒரே தொகைக்கு நகை வைத்திருந்தனர். ஏழு பேருக்கும் “சுயதொழில்” என்ற ஒரே காரணம் எழுதப்பட்டிருந்தது. காரியதரிசியை வினவினோம். “ஒரு கம்பெனி வந்திருக்கு சார். சேர்ந்தா சோப்பும் சத்துமாவும் குடுப்பாங்க. அப்புறம் ஆள் சேர்த்தா காசு” என்றார் அவர். எட்டாவது விண்ணப்பம் ஒன்று மேசை மேல் காத்திருந்தது.

அன்று பிற்பகல் கூடிய சிறு கூட்டத்தில் இதைப் பற்றி நாம் பேசத் தொடங்கியதும், அந்த எட்டாவது விண்ணப்பத்திற்கு உரியவர் பின்வரிசையிலிருந்து எழுந்தார். அவருடைய கணவர் தறி நெய்பவர். வீட்டின் பின்புறத்து ரப்பர் மரங்களுக்கிடையே நான்கு தேன்பெட்டிகள் வைத்துச் சங்கத்துக்குத் தேன் ஊற்றுபவரும் அவரே. “சாரே, மோசம்னு ஒத்தை வார்த்தையில சொல்லிட்டுப் போவாதீங்க. பேசத் தெரிஞ்சவங்க பிழைக்காங்க, தெரியாதவங்க தோத்துப் போறாங்கன்னு அவங்க சொல்லுதாங்க. எனக்குப் பேசத் தெரியும். நான் பிழைப்பேனா, மாட்டேனா? அதைச் சொல்லுங்க” என்று கேட்டார்.

நேர்மையான கேள்வி. விற்பனைத் திறன் ஒன்றே இருந்தால் இத்தகைய வியாபாரத்தைக் கட்டி எழுப்பிவிட முடியுமா என்பதே அதன் சாரம். ஊரெங்கும் இக்கேள்வி இன்று உலவுவதால், அன்று சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே விரித்து எழுதுகின்றோம்.

‘நெட்வொர்க் மார்க்கெட்டிங்’ என்று இளைஞர் கூறும் இந்த வலைப்பின்னல் வியாபாரம் புதியதன்று. கடையில் வைத்து விற்பதற்குப் பதிலாக, பொருளை வாங்குபவரையே விற்பவராகவும் ஆக்கி, அவர் சேர்த்துவிடும் ஆட்களின் விற்பனையிலும் அவருக்கு ஒரு பங்கு கொடுப்பது இதன் முறை. அமெரிக்காவில் நியூட்ரிலைட் என்னும் சத்து மாத்திரையை விற்பதற்காக 1945-இல் இவ்வாறான படிக்கட்டுத் திட்டம் வகுக்கப்பட்டது. அதை விற்று வந்த இருவர் 1959-இல் ஆம்வே நிறுவனத்தைத் தொடங்கினர். அந்நிறுவனம் 1998-இல் நம் நாட்டில் வியாபாரம் தொடங்கியது. அதே 1959-ஆம் ஆண்டில், பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இட்டு, முதல் நாள் நான்கு கட்டுகளை விற்றனர் என்பதும் இங்கே நினைவுக்கு வருகின்றது. அதுவே பின்னர் லிஜ்ஜத் ஆயிற்று. இரண்டும் வீட்டிலிருக்கும் மனிதரை நம்பிப் பெருகியவையே. ஆனால், பின்னதில் அப்பளம் இட்டவருக்கு இட்ட அளவுக்குக் கூலி கிடைத்தது. இன்னொருத்தியைச் சேர்த்துவிட்டதற்காக யாருக்கும் காசு கிடைக்கவில்லை.

நம் சொந்த அனுபவத்தையும் மறைக்க வேண்டியதில்லை. பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருந்த நாளில், 2010-ஆம் ஆண்டில், கல்லூரித் தோழர் ஒருவர் நம்மை நாகர்கோவிலில் ஒரு மண்டபத்துக்கு அழைத்துச் சென்றார். எதற்கென்று முன்கூட்டிச் சொல்லவில்லை. “ஒரு நல்ல வாய்ப்பு, வந்து பார்” என்று மட்டுமே சொன்னார். மேடையில் கோட்டு அணிந்தவர்கள் தாங்கள் வாங்கிய கார்களின் படங்களைக் காட்டினர். மண்டபம் முழுவதும் கைதட்டிற்று, நாமும் தட்டினோம். தாயாரிடம் 5,500 ரூபாய் வாங்கிக் கட்டி, ஒரு பெட்டி நிறையச் சோப்பும் பற்பசையும் பொடி டப்பாக்களுமாக வீடு வந்து சேர்ந்தோம்.

பின்னர் மூன்று நாள் பயிற்சி நடந்தது. அந்தப் பயிற்சியை இன்று ஓர் ஆய்வாளரின் கண் கொண்டு நினைத்துப் பார்க்கும்போதுதான் ஓர் உண்மை விளங்குகின்றது. முதல் நாள், நமக்குத் தெரிந்த நூறு பேரின் பெயர்களை எழுதச் சொன்னார்கள். இரண்டாம் நாள், அவர்களிடம் பேச்சை எப்படித் தொடங்குவது, “யோசித்துச் சொல்கிறேன்” என்பவரை எப்படி மடக்குவது, கடன் இருப்பவரிடம் கடனைப் பற்றியும் மகள் இருப்பவரிடம் கலியாணத்தைப் பற்றியும் எப்படிப் பேசுவது என்று கற்பித்தார்கள். மூன்றாம் நாள், கனவு காண்பது எப்படி என்று கற்பித்தார்கள். அந்தச் சோப்பில் என்ன இருக்கின்றது, கடைச் சோப்பைவிட அது ஏன் இருமடங்கு விலை, தோலில் அரிப்பு உள்ளவர் பூசலாமா என்பது பற்றி மூன்று நாளிலும் அரை மணி நேரங்கூட ஒதுக்கப்படவில்லை. விற்கக் கற்பித்தது உண்மைதான். ஆனால் விற்கச் சொன்ன பண்டம் சோப்பன்று, சேரும் ஆசை.

நம் பெரியம்மை முதல் மாதம் இரண்டு டப்பா வாங்கினார். அவருக்கு அந்தப் பொடி தேவைப்படவில்லை. தங்கை மகன் பிழைத்துக்கொள்ளட்டும் என்ற பாசத்துக்காக வாங்கினார். இரண்டாம் மாதம் நாம் சென்றபோது, பட்டப்பகலில் அவர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டோம். பதினோரு உறவினருக்கு 1,900 ரூபாய்ச் சரக்கு விற்று, 240 ரூபாய் கமிஷன் பெற்றதோடு நம் வியாபாரம் முடிந்தது. மீதிப் பெட்டி பரண்மேல் நெடுநாள் கிடந்தது. பணம் போனதைவிட, பெரியம்மை வீட்டுக்கு இயல்பாகச் சென்றுவர ஓராண்டு ஆயிற்று என்பதே பெரிய நஷ்டம்.

நமக்குத் திறமை போதவில்லை என்று சிலர் கூறக்கூடும். அதுவும் ஓரளவு உண்மையே. ஆயினும், திறமையின் கைக்கு எட்டாத ஒரு கணக்கும் இதில் உண்டு. அதை அன்று கூட்டத்திலேயே கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும் என்பது விதி என்று கொள்வோம். முதற்படியில் 6 பேர், இரண்டாம் படியில் 36, மூன்றில் 216, நான்கில் 1,296, ஐந்தில் 7,776, ஆறாம் படியில் மட்டும் 46,656 பேர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி குழித்துறை நகராட்சியின் மக்கள் தொகை 21,307. ஆறாம் படிக்கே இரண்டு குழித்துறை போதாது. எட்டாம் படி முடிவில் மொத்தம் 20 லட்சத்துக்கு மேல் ஆட்கள் வேண்டும். அதே கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டம் முழுவதும், தொட்டில் குழந்தை உட்பட, 18,70,374 பேர்தான் இருந்தனர். எட்டாம் படியில் நிற்பவர் எத்துணை நாவன்மை படைத்தவராயினும், அவர் சேர்ப்பதற்கு இம்மாவட்டத்தில் ஆள் இல்லை. எந்த நேரத்திலும் கூட்டத்தின் பெரும்பகுதி கடைசி இரண்டு படிகளில்தான் நிற்கும் என்பதையும் அந்த எண்களே காட்டுகின்றன.

இங்கே ஒருவர், “அப்படியானால் சீட்டும் இப்படித்தானே?” என்று குறுக்கிட்டார். அன்று, சீட்டு வேறு. இருபது பேர் சேரும் சீட்டில் இருபது பேருக்கும் முறைப்படி ஒரு முறை பணம் திரும்பும். புதிதாக இருபத்தோராவது ஆள் வந்தால்தான் இருபதாவது ஆளுக்குப் பணம் என்ற நிலை அதில் இல்லை. அதனாலேயே 1982-ஆம் ஆண்டுச் சிட்பண்டு சட்டம் பதிவு செய்த சீட்டை ஒழுங்குபடுத்தி அனுமதிக்கின்றது. 1978-ஆம் ஆண்டின் பரிசுச்சீட்டு, பணச்சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டமோ, ஆள் சேர்ப்பதனால் மட்டும் பணம் வரும் திட்டங்களை அறவே தடுக்கின்றது. நடத்துபவர் மட்டுமன்றி, அதில் ஆள் சேர்ப்பவரும் குற்றவாளியே என்பதை நம் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். நல்லெண்ணத்துடன் நாத்தனாரைச் சேர்த்துவிட்டவர், பின்னர் நாத்தனாரின் புகார் மனுவில் எதிரியாக நிற்க நேரும்.

சட்டமும் நீதிமன்றங்களும் இந்த விஷயத்தில் நெடுங்காலமாக ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன. அமெரிக்காவில் காஸ்காட் என்னும் ஒப்பனைப் பொருள் நிறுவனத்தின் வழக்கில் 1975-இல் அந்நாட்டு வணிக ஆணையம் ஓர் உரைகல்லை வகுத்தது. பணம் கட்டிச் சேருபவருக்கு, உண்மையான நுகர்வோருக்குச் சரக்கு விற்றதோடு தொடர்பில்லாமல், ஆள் சேர்த்ததற்காகவே வெகுமதி கிடைக்குமானால் அது பிரமிடு என்பதே அந்த உரைகல். 1979-இல் ஆம்வே வழக்கில் அதே ஆணையம் அந்நிறுவனம் பிரமிடு அன்று என்று தீர்ப்பளித்தது. அதற்கு ஆதாரமாயிருந்தவை, வாங்கிய சரக்கில் 70 விழுக்காட்டையாவது விற்றாக வேண்டும், மாதந்தோறும் பத்து வாடிக்கையாளருக்காவது விற்றிருக்க வேண்டும், விற்காத சரக்கைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் என்னும் அந்நிறுவனத்தின் விதிகளே. நம் நாட்டில் மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், சேருவதற்குக் கட்டணம் வாங்கலாகாது என்றும், விற்பனைக்குத் தகுதியான சரக்கைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் கூறின. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் பிரமிடுத் திட்டத்தையும் பணச்சுழற்சியையும் தடை செய்ததோடு, அடையாள அட்டையும் முன் அனுமதியும் இன்றி விற்பனையாளர் எவரும் பிறர் வீட்டுக்குச் செல்லக் கூடாது என்றும் விதித்தன. எல்லாவற்றுக்கும் அடிப்படைக் கேள்வி ஒன்றே: கடைசியாகப் பொருளைப் பயன்படுத்துபவர் ஒருவர் உண்டா? அவர் இந்தப் பின்னலில் சேராதவராக இருந்தாலும் அந்த விலைக்கு அதை வாங்குவாரா?

இந்த இடத்தில்தான் விற்பனைத் திறன் உண்மையிலேயே முக்கியமாகின்றது. அமெரிக்காவில் ஏர்ல் டப்பர் என்பவர் காற்றுப் புகாத மூடியுடன் பிளாஸ்டிக் டப்பாக்கள் செய்து கடைகளில் வைத்தார். அவை நினைத்தபடி விற்கவில்லை. மூடியை அழுத்திக் காற்றை வெளியேற்றும் வித்தை எவருக்கும் தெரியவில்லை. பிரவுனி வைஸ் என்ற பெண்மணி, வீடுகளில் பெண்களைக் கூட்டி, அந்த மூடியைத் திறந்து மூடிக் காட்டி விற்றார். 1951-இல் டப்பர் தம் சரக்கைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டு, அவரையே விற்பனைக்குத் தலைவியாக்கினார். அந்நிறுவனம் 2024-இல் திவால் மனுக் கொடுத்தது வேறு கதை. காட்டினால்தான் விளங்கும் பொருளுக்குக் காட்டத் தெரிந்தவர் வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

நம் குழித்துறைப் பக்கத்துக்கு இந்தப் பாடம் அமெரிக்காவிலிருந்து வர வேண்டியதும் இல்லை. குழித்துறை நகராட்சிக்குள்ளேயே அடங்கிய மார்த்தாண்டத்தில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் சார்பில் 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராமப் புனரமைப்பு நிலையம், கோழி, தேனீ, கைத்தொழில் ஆகியவற்றைச் சிறு குடியானவர்க்குக் கற்பித்தது. மரப்பொந்துத் தேனீயைச் சட்டங்கள் கொண்ட பெட்டியில் குடிவைத்து, அடையைப் பிழிந்து அழிக்காமல் தேன் எடுக்கும் முறை அங்கிருந்து பரவிற்று. 1937-இல் மார்த்தாண்டம் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதன் அவசியம் எளிதில் விளங்கக்கூடியதே. இரண்டு பெட்டி வைத்திருக்கும் குடியானவர் நல்ல தேனைப் போத்தலில் ஊற்றிச் சந்தைக்குக் கொண்டு சென்றால், அது வெல்லப்பாகு அன்று என்று முன்பின் தெரியாத ஒருவரை எப்படி நம்பவைப்பார்? சங்கம் தேனை ஒருமுகப்படுத்தி, ஈரத்தை அளந்து, பக்குவப்படுத்தி, தன் முத்திரையிட்டுக் கொடுக்கின்றது. ஆயிரம் பேரிடம் தனித்தனியே இல்லாத வாக்குறுதியை ஓர் அமைப்பு தருகின்றது. நம்பிக்கை என்னும் இந்த முதலை ஈட்ட நெடுங்காலம் ஆகும். 1991-92-இல் சாக்புரூட் என்னும் புழு நோய் வந்து தென்னாட்டில் தேனீக்கூட்டங்களில் பெரும்பகுதி மாண்டபோதும், அதன்பின் பெட்டிகள் மெல்ல மீண்டும் நிரம்பியபோது, வாங்குவாரின் நினைவில் மார்த்தாண்டம் தேன் என்ற பெயர் இருந்தது.

வைகாசிக் கூட்டத்தில் அந்த அம்மையாரிடம் நாம் சொன்னது இது: “உங்கள் நாவன்மையை உங்களுக்குத் தெரிந்த சரக்கில் செலவிட்டுப் பாருங்கள். ஆடி அமாவாசைக்கு வாவுபலிப் பொருட்காட்சி வருகின்றது. சங்கம் ஒரு கடை எடுக்கட்டும், நீங்கள் நில்லுங்கள். விற்றதற்கு மட்டும் கமிஷன்.” காரியதரிசிக்கு அரைமனந்தான். விண்ணப்பம் மேசையிலேயே இருந்தது.

வாவுபலி நாளில் அக்கடையின் ஓரத்தில் நாம் ஒரு மணி நேரம் நின்றோம். திருவனந்தபுரத்திலிருந்து வந்த தம்பதியர் ஒரு போத்தலை எடுத்துப் பார்த்து, அடியில் வெள்ளையாக உறைந்திருப்பதைக் கண்டு, “சர்க்கரை கலந்தது” என்று கீழே வைத்தனர். நம் சங்கக் கடைகளில் இருக்கும் பல சிப்பந்திகள் அந்த இடத்தில், “நல்ல தேன்தான் சார்” என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கியிருப்பர். அம்மையார் அவ்வாறு செய்யவில்லை. “உறையுதது ரப்பர் தேனுக்க குணம். ரப்பர் பூவிலயிருந்து இல்ல, தளிர் விடும்போது மூணு இலையும் சேருத காம்புல ஊறுத தேனைத்தான் ஈ எடுக்கும். இந்தத் தேன் சீக்கிரம் கட்டியாவும். இந்தா பாருங்க” என்று, சுடுநீர் ஊற்றிய பாத்திரத்தில் இன்னொரு போத்தலை இறக்கிவைத்தார். அவர்கள் அடுத்த கடையில் மரக்கன்று பார்த்துவிட்டு வருவதற்குள் உறைந்தது இளகத் தொடங்கியிருந்தது. பின்பு அவர் தாமாகவே ஒன்று சேர்த்துச் சொன்னார்: “வீட்டுல ஒரு வயசு நிறையாத பிள்ளை உண்டுன்னா நாக்குல தொட்டு வைக்காதீங்க. பழைய ஆளுங்க செய்வாங்க, இப்ப டாக்டர்மார் கூடாதுன்னு சொல்லுதாங்க. சர்க்கரை நோய்க்கு மருந்துன்னு யாரும் சொன்னா நம்பாதீங்க.” அந்தத் தம்பதியர் மூன்று போத்தல் வாங்கினர், தொலைபேசி எண்ணும் எழுதிக்கொடுத்துச் சென்றனர்.

இந்த ஒரு விற்பனையில் எத்தனை திறமைகள் அடங்கியிருக்கின்றன என்று நாம் பிறகு எண்ணிப் பார்த்தோம். சரக்கு எங்கிருந்து எப்படி வருகின்றது என்ற அறிவு. வாங்குவார் சந்தேகப்படுவது நியாயம் என்று ஏற்கும் பொறுமை. வாயால் சாதிக்காமல் கண்ணால் காணச் செய்தல். குறையைத் தானே எடுத்துரைத்தல். இந்த நான்காவதைத்தான் மண்டபத்துப் பயிற்சியாளர்கள் கேட்டால் நடுங்கிப்போவார்கள். சந்தேகத்துக்கு இன்று காரணமும் உண்டு. தில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 13 வணிகப் பெயர்களில் மூன்று மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது முதலிய வீட்டுச் சோதனைகள் தேனின் தூய்மையைக் காட்ட மாட்டா. ஆகவே, கடைசியில் வாங்குவார் எடைபோடுவது விற்பவரின் நேர்மையையே. பொடி டப்பாவைச் சர்வரோக நிவாரணி என்று விற்பவர் ஒரு முறை விற்கலாம். அவ்வாறு விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டத்தின்படி குற்றமும் ஆகலாம்.

கைத்தறிக்கும் இதே நிலைதான். இரணியல், வடசேரிப் பகுதிகளின் பழைய துணி மூட்டை வியாபாரிகளை முதியவர் பலர் அறிவர். தலையில் மூட்டையுடன் படியேறி, திண்ணையில் விரித்து, வாரத் தவணைக்குக் கொடுத்து, அடுத்த வாரம் காசு வாங்க வரும்போது சென்ற வாரத் துணி எப்படித் துவைந்தது என்று கேட்டுச் செல்வார்கள். அந்தக் கேள்வியிலேயே அடுத்த விற்பனை இருந்தது. இன்று விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பவர் நடுவே, உண்மையான நெசவாளர்க்கு அந்தப் பேச்சுத்தான் துணை. அகலம் குறையாமல் துணியை இழுத்து நிறுத்தும் குச்சியின் ஊசிமுனைகள் கரையோரத்தில் இடும் சிறு துளைகளை வாங்குவாருக்குக் காட்டினால் போதும். குறை என்று அவர் நினைத்தது கைவேலையின் அடையாளம் என்று விளங்கிவிடும். 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் ஊர்தோறும் விற்பனை நிலையம் வைத்திருக்கின்றது. 2006 முதல் கைத்தறி முத்திரையும் உண்டு. ஆனால் முத்திரை தானாகப் பேசாது. நாம் சென்ற ஒரு கூட்டுறவு விற்பனைக் கடையில், அந்த முத்திரை எதைக் குறிக்கின்றது என்று கேட்டபோது, அங்கிருந்த சிப்பந்தி நம்மையே திருப்பிக் கேட்டார். இந்த இடத்தில் வலைப்பின்னல்காரர்களிடம் நாம் கற்க வேண்டியது உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் கூச்சப்படுவதில்லை, வாரந்தோறும் கூடுகிறார்கள், வாங்கியவரை மறுபடியும் சென்று பார்க்கிறார்கள், மேடையேறாத பெண்ணையும் மேடையேற்றிப் பேச வைக்கிறார்கள். நம் சங்கங்களில் ஆண்டுக்கொரு முறை பொதுப்பேரவை கூட்டவே தேநீரும் மிக்சரும் வேண்டியிருக்கின்றது.

அதில் பிழைத்தவரே இல்லை என்றும் நாம் சொல்ல மாட்டோம். களியக்காவிளைப் பக்கத்தில் ஓர் அம்மையார் அத்தகைய ஒரு நிறுவனத்தின் பாத்திரம் விளக்கும் திரவத்தையும் பற்பசையையும் பல ஆண்டுகளாக விற்று, மாதந்தோறும் குடும்பச் செலவுக்கு ஒரு தொகை சேர்க்கின்றார். அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கின்றது. எந்த வீட்டில் எது எப்போது தீரும் என்பது அதில் உண்டு. அவருக்குக் கீழே சேர்ந்தவர்கள் இருவர் மட்டுமே. ஆள் சேர்க்கவில்லை என்று மேலே உள்ளவர்கள் அவரைக் கடிந்துகொள்வார்களாம். “நான் சேர்த்துவிட்டால் இந்த வீடுகளை அவர்களும் பங்கு போடுவார்கள், பிறகு யார் வாங்குவது?” என்று அவர் நம்மிடம் சொன்னார். கரும்பலகைக் கணக்கை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேலில் கூட்டுறவுக் கடை தொடங்கிய 28 பேரில் பலர் நெசவாளரே. அவர்கள் வைத்த முறைகளுள் ஒன்று இங்கே பொருந்தும். லாபத்தை அங்கத்தினர் அவரவர் வாங்கிய அளவுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். புதிய அங்கத்தினரைக் கொண்டுவந்தவருக்குத் தரகு கொடுக்கவில்லை. அங்கத்தினர் கூடினால் கடை வளர்ந்தது. முன்னவர் பின்னவரைத் தின்னவில்லை.

வாவுபலி முடிந்ததும் அச்சங்கத்தின் நிர்வாகக் குழு கூடி ஒரு சிறு ஏற்பாடு செய்தது. ஆறு அங்கத்தினர்களுக்கு, சேருவதற்குக் கட்டணம் ஏதும் இன்றி, தேனும் துண்டும் சரக்காகக் கொடுப்பது. விற்ற தொகைமீது மட்டும் ஒரே படியாகக் கமிஷன். மூன்று மாதத்தில் விற்காத சரக்கைச் சங்கம் திரும்ப எடுத்துக்கொள்வது. மாதம் ஒரு பிற்பகல் தேனெடுப்பவரும் நெசவாளரும் வந்து தம் சரக்கைப் பற்றி விற்பவர்களுக்கு விளக்குவது. கடன் விற்பனை கூடாது என்று நாம் வற்புறுத்தினோம். துணிக்கு மட்டும் இரண்டு தவணை வேண்டும் என்று அங்கத்தினர்கள் வாதிட்டனர். அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பது பின்னர் தெரிந்தது. ஆறு பேரில் இருவர் முதல் மாதத்திலேயே விலகினர். எல்லோருக்கும் இது கைவராது. வருந்துவதற்கும் ஒன்றுமில்லை, ஏனெனில் அவர்கள் எதையும் கட்டவில்லை.

இவ்வாண்டு பங்குனியில் மறுபடி அச்சங்கத்துக்குச் சென்றோம். அந்த அம்மையாரின் நோட்டில் 43 வீடுகளின் கணக்கு இருந்தது. அவற்றுள் உறவினர் வீடுகள் நான்கே. வருமானம் பெரிதன்று, மண்டபத்தில் காட்டிய கார் அதில் வராது. ஆனால் கணவரின் தறிக்கு நூல் வாங்க இம்முறை வெளியில் கடன் வாங்கவில்லை என்றார். அவருடைய நகை விண்ணப்பம் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற குறிப்புடன் கோப்பில் இருந்தது. மற்ற ஏழு நகைகளில் இரண்டு மீட்கப்பட்டிருந்தன. ஐந்து இன்னும் பெட்டகத்தில் இருக்கின்றன; அவற்றுள் ஒன்றுக்கு ஏல அறிவிப்பு அனுப்பப்பட்டுவிட்டது. அதற்குரியவரைக் காணச் சென்றோம். திண்ணை ஓரத்தில், பிரிக்கப்படாத சத்துமாவு டப்பாக்கள் பதினான்கு அடுக்கியிருந்தன. தவணையை நீட்டிக்க முடியுமா என்று அவர் கேட்டார். வட்டியை மட்டும் கட்டி நகையை மறு அடமானம் வைக்க இடமுண்டா என்று காரியதரிசியிடம் கலந்து சொல்வதாகக் கூறிவிட்டு வந்தோம்.